பிரஷரும் பிள்ளைப்பேறு வயதுப் பெண்களும்: கேள்வி பதில்

வடசென்னையில் ஒரு நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவராக இருக்கிறேன். 20 முதல் 45 வயதுக்குள் இருக்கும் பெண்கள் ரத்த அழுத்தம் பற்றி அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

வயது 27, வியாசர்பாடி. கம்பெனி செக்கப்பில் 148/96 என்று வந்தது. தலைவலிகூட இல்லையே, இந்த வயதிலுமா பிரஷர்?

வரும். பெரும்பாலும் எந்தத் தொந்தரவும் காட்டாமல்தான் வரும். ஆனால் ஒரே ஒரு அளவை வைத்து முடிவு கட்ட வேண்டாம். வேறு நாட்களில் இன்னும் இரண்டு முறையாவது பாருங்கள். ஒவ்வொரு முறையும் 140/90 அல்லது அதற்கு மேல் என்றால் அது பிரஷர்தான்.

அளக்கும் விதமும் முக்கியம். பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடி வந்த மூச்சு அடங்குவதற்குள் கையை நீட்டுகிறார்கள், அளக்கும்போதே பிள்ளையை அதட்டுகிறார்கள். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, இரண்டு பாதமும் தரையில் படும்படி 5 நிமிடம் உட்காருங்கள். கை நெஞ்சு உயரத்தில் மேசை மேல் இருக்கட்டும். அதற்கு முந்தைய அரை மணி நேரம் காபி, டீ வேண்டாம். கை பருமனாக இருந்தால் கையில் சுற்றும் பட்டையைப் பெரியதாகக் கேட்டு வாங்குங்கள், சின்னப் பட்டை அளவைக் கூட்டித்தான் காட்டும்.

30 வயதுக்குள் பிரஷர் உறுதியானால் மாத்திரையோடு நிறுத்திவிடக் கூடாது, காரணத்தையும் தேட வேண்டும். சிறுநீரகக் கோளாறு, அதற்குப் போகும் ரத்தக்குழாயில் சுருக்கம், தைராய்டு, அடிக்கடி போடும் வலி மாத்திரை என்று ஏதாவது இருக்கலாம். சிறுநீர்ப் பரிசோதனையும், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனையும் கண்டிப்பாகப் பார்க்கச் சொல்லுங்கள்.

வயது 31, பெரம்பூர். ஒரு வருடமாக பிரஷருக்கு டெல்மிசார்டன் மாத்திரை போடுகிறேன். குழந்தைக்கு முயற்சி செய்கிறோம். மாத்திரையையே நிறுத்திவிடு என்கிறார் மாமியார்.

நீங்களாக நிறுத்தாதீர்கள், மாற்றிக்கொள்ளுங்கள். டெல்மிசார்டன், லோசார்டன், எனலாபிரில், ராமிபிரில் எல்லாம் கர்ப்பத்தில் குழந்தையின் சிறுநீரகத்தைக் கெடுக்கக் கூடியவை. லேபெடலால், நிஃபெடிபின், மெத்தில்டோபா ஆகியவற்றைக் கர்ப்பத்திலும் தரலாம். கரு உண்டாகும் முன்பே மாற்றுவதுதான் நல்லது. ஒருவேளை நாள் தள்ளிப்போனால் பயந்து உட்காராமல் உடனே சோதித்து, அந்த வாரமே டாக்டரைப் பாருங்கள். ஏற்கெனவே பிரஷர் இருப்பவர்களுக்கு 12 வாரத்துக்கு அப்புறம் குறைந்த அளவு ஆஸ்பிரின் தருவது வழக்கம். அதையும் கேளுங்கள்.

வயது 24, மணலி. ஏழு மாதம். காலெல்லாம் வீக்கம். பிரஷர் 150/100, ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். அரசு மகப்பேறு மருத்துவமனைக்குப் போ என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை போகலாம் என்கிறார் வீட்டுக்காரர்.

ஞாயிறு வரை வேண்டாம் அம்மா, இன்றைக்கே கிளம்புங்கள். கால் வீக்கம் மட்டும் என்றால் பல கர்ப்பிணிகளுக்கும் இருப்பதுதான். இந்த அளவு பிரஷரோடு சேர்ந்து வந்தால் கதை வேறு. சிறுநீரில் புரதம் போகிறதா என்று பார்த்தாக வேண்டும். விடாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்றில் வலி, முகவீக்கம், குழந்தையின் அசைவு குறைவு, இதில் ஒன்று தெரிந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். அடுத்து வலிப்பு வரலாம், தாய்க்கும் பிள்ளைக்கும் உயிராபத்து. வலிப்பைத் தடுக்க மெக்னீசியம் சல்பேட் ஊசி இருக்கிறது, ஆனால் நேரத்தோடு போய்ச் சேர்ந்தால்தான் அது உதவும். கர்ப்பகால அட்டையையும் சீட்டையும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்காரரிடம் இந்தப் பதிலை அப்படியே காட்டுங்கள்.

பிரஷருக்கு இந்துப்பு நல்லதா?

அதிலும் சோடியம்தான். எந்த உப்பானாலும் நாளுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள். ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய், கருவாடு எல்லாம் சேர்ந்த கணக்கு அது.

வயது 33, கொளத்தூர். கர்ப்பத்தில் பிரஷர் இருந்தது. பிரசவமாகி இரண்டரை மாதம் ஆகிறது. கொடுத்த மாத்திரை தீர்ந்துவிட்டது, அப்புறம் யாரும் பார்க்கவில்லை. விட்டுவிடலாமா?

விடாதீர்கள். எனக்கு ரொம்ப வருத்தம் தரும் இடமே இதுதான். மாதம் தவறாமல் செக்கப்புக்கு வந்த பெண், பிள்ளை பிறந்ததும் எங்கள் பதிவேட்டிலிருந்தே மறைந்துபோகிறாள். 6, 10, 14-ஆம் வாரத்தில் தடுப்பூசிக்கு வருகிறாள், மடியில் இருக்கும் பிள்ளையை எடை போடுகிறோம், தாயின் கையில் பட்டை சுற்ற யாருக்கும் தோன்றுவதில்லை. அது எங்கள் தரப்புக் குறை, நாங்கள்தான் திருத்த வேண்டும். அதுவரை நீங்களே கேளுங்கள்: "எனக்கும் பிரஷர் பாருங்க சிஸ்டர்."

பிரசவமாகி 12 வாரம் தாண்டியும் இறங்கவில்லை என்றால் அது நிலைத்த பிரஷர், சிகிச்சையைத் தொடர வேண்டும். தாய்ப்பாலுக்கு இடைஞ்சல் இல்லாத மாத்திரைகள் இருக்கின்றன. இறங்கிவிட்டாலும் வருடத்துக்கு ஒரு முறை பாருங்கள். கர்ப்பத்தில் பிரஷர் வந்தவர்களுக்குப் பிற்காலத்தில் மாரடைப்பும் பக்கவாதமும் வரும் வாய்ப்பு கூடுதல். அடுத்த கர்ப்பத்தில் முதல் நாளே இதைச் சொல்லிவிடுங்கள்.

பிரஷர் இருக்கிறது. மாலா-டி கருத்தடை மாத்திரை போடலாமா?

வேண்டாம். அதில் இருக்கும் ஈஸ்ட்ரோஜன் பிரஷரை ஏற்றும். காப்பர்-டி உங்களுக்குப் பாதுகாப்பானது, அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே போடுகிறார்கள்.

வயது 36, தி.நகர் துணிக்கடையில் வேலை. காலை 10 மணிக்குப் போனால் இரவு 9:30-க்குத்தான் விடுவார்கள். மாத்திரை வாங்க எப்போது போவது?

உங்கள் நிலைமையில் நிறையப் பேர் இருக்கிறார்கள். 2021-இல் தொடங்கிய தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது, ஆனால் பகலில் வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் அது எளிதாகக் கிடைக்கிறது. நகர்ப்புற நலவாழ்வு மையங்கள் வழக்கமாகக் காலை 8 மணிக்கே திறந்துவிடும். வேலைக்குப் போகும் வழியில் ஒரு காலை ஒதுக்கி, ஒரு மாதத்துக்கான மாத்திரையைச் சேர்த்துக் கேளுங்கள். அடுத்த முறை உங்களால் வர முடியாவிட்டால் வீட்டில் வேறு யாரிடமாவது சிகிச்சைப் புத்தகத்தைக் கொடுத்தனுப்பலாமா என்றும் அங்கேயே கேட்டுவையுங்கள். மையம் எங்கே இருக்கிறது என்று தெரியாவிட்டால் 104-க்கு போன் போட்டுக் கேளுங்கள்.