கிணற்றடிப் பலாவில் வெள்ளை வால் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

மாரி தொடங்கினால் எங்கள் வளவுக் கிணற்றடிப் பலாவில் ஒரு வெள்ளைக் குருவி வந்து நிற்கும். தலை கறுப்பு, வால் நாடா மாதிரி நீளம். அதே மரத்தில் பழுப்பு நிறத்தில் நீள வாலோடு ஒன்றும், கட்டை வாலோடு ஒன்றும் திரிகின்றன. வெள்ளை ஆண், பழுப்பு பெண் என்கிறான் மகன். வயது போனால் வெள்ளையாகும் என்கிறார் பக்கத்து வீட்டு அண்ணா. எது சரி? அரிசி போட்டேன், திரும்பியும் பார்க்கவில்லை. இங்கேயே தங்கவைக்க வழி உண்டா?

வாசகி, தம்பிலுவில்

அன்புள்ள சகோதரிக்கு,

அது அரசவால் ஈபிடிப்பான். மகன் சொன்னதில் பாதி சரி: வெள்ளை ஆண்தான். ஆனால் நீள வால் வைத்த பழுப்பும் ஆணே. அண்ணாவின் கணக்கு நம் நாட்டுப் பறவைக்குப் பொருந்தாது.

நம் பக்கத்தில் இந்த இனத்தில் இரண்டு கூட்டம் உண்டு. ஒன்று இலங்கையின் உலர்வலயத்தில் வருடம் முழுக்க இருப்பது. அதன் ஆண் எத்தனை வயதானாலும் செம்பழுப்புத்தான். மற்றது இந்தியாவில் குஞ்சு பொரித்துவிட்டு, இங்கே பெரும்போகம் (மாரிகால நெல்) விதைக்கிற நாட்களில் வந்து, ஏப்ரல் அளவில் திரும்பிப்போவது. அதன் ஆண்களில் வெள்ளையும் உண்டு, செம்பழுப்பும் உண்டு. ஆகவே வெள்ளையைக் கண்டால் யோசிக்கவே வேண்டாம், அது விருந்தாளி.

சிக்கல் பழுப்பில்தான். ஜனவரியில் பலாவில் நிற்கும் செம்பழுப்பு ஆண் உள்ளூரா வெளியூரா என்று வளவில் நின்று தீர்ப்புச் சொல்ல ஏலாது. ஜூனில், கச்சான் காற்று அடிக்கும்போது கண்டால் அது நம்மூர்ப் பறவை. மகன் குறிப்பு எழுதுகிறவன் என்றால் நிறத்தோடு மாதத்தையும் எழுதச் சொல்லுங்கள். மாதம் எழுதாத குறிப்பு இந்தப் பறவை விஷயத்தில் அரைக் குறிப்புத்தான்.

கட்டை வால் என்றால் பெண் என்றும் முடிவுகட்டிவிடாதீர்கள். ஆணுக்கு நீள வால் வர இரண்டாம் மூன்றாம் வருடமாகும். இறகு உதிர்ந்த ஆணும் கொஞ்சக் காலம் கட்டை வாலோடுதான் திரியும். வாலை விட்டுத் தொண்டையைப் பாருங்கள். உச்சியின் கறுப்பு தொண்டைக்கும் இறங்கியிருந்து, கண்ணைச் சுற்றி நீல வளையம் பளிச்சென்று தெரிந்தால் அது ஆண். உச்சி கறுத்து, தொண்டை சாம்பலாக இருந்தால் பெண். வெள்ளை ஆணும் முழு வெள்ளையல்ல: தலையும் தொண்டையும் பளபளக்கும் கருமை, சிறகில் கறுப்புக் கோடுகள், வாலிறகின் நடுத்தண்டும் கறுப்பு. உடம்பு ஒரு சாணுக்கும் குறைவு, 20 சென்ரிமீற்றர் அளவு. நடு வாலிறகு இரண்டும் 30 சென்ரிமீற்றர் வரை தொங்கும்.

தேடுகிறவர்கள் பெரும்பாலும் மர உச்சியைப் பார்த்துக் கழுத்து நோகிறார்கள். இது நிற்பது நடு உயரத்தில், இலைக்கூரைக்குக் கீழே, பறக்க இடைவெளி உள்ள நிழலில். ஆற்றோர மருத மரங்கள், குளக்கட்டுக்குக் கீழ் அடர்ந்த மரங்கள், மாவும் பலாவும் நெருங்கிய பழைய வளவுகள் எல்லாம் இதற்குப் பிடித்த இடங்கள். குரலோ அழகுக்குச் சம்பந்தமே இல்லாத கரகரப்பு. 'ஸ்க்ரீக்' என்று கேட்டபின் தேடினால் சுலபம்.

அரிசியைத் தொடாததற்குக் காரணம் அலகிலேயே இருக்கிறது. அடி அகன்ற அலகு, வாயோரம் விறைத்த மயிர்கள். கொப்பில் நிமிர்ந்து இருந்து, பறக்கும் பூச்சியைப் பாய்ந்து பிடித்து உண்ணும். தானியம் இதன் உணவே அல்ல. கால்களும் கட்டை, நிலத்தில் இறங்கிப் பொறுக்குவது அதன் வழக்கமில்லை. அரிசியை நிறுத்துங்கள், காகம்தான் கூடும். கொப்புகளைக் கண்டபடி தறிக்காமலும் பலாவுக்குப் பூச்சிமருந்து அடிக்காமலும் விட்டாலே போதும்.

தங்கவைக்க ஏலாது, விருந்தாளி போகத்தான் செய்யும். ஆனால் உள்ளூர்ச் சோடி மே முதல் ஜூலை வரை கூடு கட்டக்கூடும். தாழ்ந்த மெல்லிய கொப்பின் நுனியில், நார்களைச் சிலந்தி வலையால் ஒட்டிய சின்னக் கிண்ணம். முட்டை மூன்று நான்கு, அடைகாப்பு 14 முதல் 16 நாள். ஆணும் அடையிருக்கும், அப்போது நீள வால் கூட்டுக்கு வெளியே தொங்கும். படம் எடுக்க வசதி என்று மறைத்திருக்கும் இலையை ஒடித்தால் காகமும் செண்பகமும் கண்டுபிடித்துவிடும். இரட்டைவால் கரிச்சான் பக்கத்தில் கூடு வைத்திருந்தால் அதையும் விரட்டாதீர்கள். காகத்தைத் துரத்தும் காவல்காரன் அதுதான்.

தண்ணீர் வைக்கலாம். பின்னேரங்களில் கொப்பிலிருந்து பாய்ந்து நீரில் விழுந்தெழும்பிக் குளிப்பது இதன் பழக்கம். அகன்ற மண்சட்டியில் இரண்டு அங்குல நீர், மேலே எட்டி நிற்க ஒரு கொப்பு, சுற்றிப் பூனை பதுங்கப் பற்றையில்லாத நிழல் இருந்தால் நல்லது. பழைய நீரைத் தினமும் வெளியே ஊற்றிவிட்டுச் சட்டியின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். வெறுமனே நீர் மாற்றினால் விளிம்பில் ஒட்டிய நுளம்பு முட்டை போகாது. மாரியில் உங்கள் பக்கம் டெங்குக் காலமும் அதுவே.