ரோமப் பேரரசர்களை அவர்களது காவலர்களே கொன்றது ஏன்?

பிரிட்டோரியன் படை என்பது ரோமப் பேரரசரின் மெய்க்காவல் படை. முதல் பேரரசர் அகஸ்டஸ் அமைத்தது. சாதாரணப் படைவீரரைவிடச் சம்பளம் அதிகம், வேலையும் தலைநகரிலேயே.

சரி, காக்க வேண்டியவர்களே ஏன் கொன்றார்கள்? அடுத்த பேரரசர் யார் என்பதற்கு ரோமில் தெளிவான சட்டம் எதுவும் கிடையாது. பத்திரம் இல்லாத ஒரு வீடு, சாவியோ காவல்காரர் கையில் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் கதவைத் திறந்துவிடும் ஆள்தான் வீட்டுக்காரர்!

கி.பி. 41இல் பேரரசர் கலிகுலாவைக் காவலர்கள் வெட்டிக் கொன்றார்கள். அரண்மனையில் திரைக்குப் பின்னால் நடுங்கிக்கொண்டிருந்த அவருடைய சித்தப்பா கிளாடியஸை இழுத்துவந்து பேரரசர் ஆக்கியதும் அதே படைதான். அவரும் ஆளுக்கு 15,000 செஸ்டர்ஸ் நாணயம் தருவதாக வாக்களித்தார். அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது.

உச்சக்கட்டம் 193இல். படையில் ஒழுங்கைக் கொண்டுவர முயன்ற பேரரசர் பெர்டினாக்ஸை, அவர் பதவியேற்ற 87 நாளில் கொன்றுவிட்டு, பதவியை ஏலம் விட்டார்கள். நிஜமாகவே ஏலம்தான்: முகாம் மதிலுக்கு வெளியே நின்று தொகையை ஏற்றிக்கொண்டே போன டிடியஸ் ஜூலியானஸ், ஆளுக்கு 25,000 என்று முடித்தார். அவருடைய ஆட்சி நீடித்தது 66 நாள். படையோடு வந்து ஆட்சியைப் பிடித்த தளபதி செப்டிமியஸ் செவெரஸ் பழைய காவலர்களைக் கலைத்துவிட்டுத் தன் ஆட்களை வைத்துக்கொண்டார். 312இல் பேரரசர் கான்ஸ்டன்டைன் இந்தப் படையையே ஒழித்தார்.

ஜூலியஸ் சீசரைக் கொன்றதும் இவர்கள்தான் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, கி.மு. 44இல் அவரைக் குத்தியவர்கள் ரோமின் ஆட்சி மன்றமான செனட்டின் உறுப்பினர்கள். சீசர் பேரரசராக இருந்ததும் இல்லை.