பிளாக்பெர்ரி திசு வளர்ப்பு: கேள்வி பதில்

கேள்வி: திசு வளர்ப்புக்காகச் செடியின் கணுத்துண்டைச் சத்துக் கூழ் உள்ள குப்பியில் வைத்த நாலாம் நாளே வெள்ளையாகப் பூஞ்சை படர்கிறது. என்ன செய்வது?

பதில்: தோட்டத்துச் செடியிலிருந்து நேரே வெட்டியிருப்பீர்கள். தாய்ச்செடியைக் கூரைக்கடியில், இலை நனையாமல் சில வாரம் வளர்த்து, புதுத் தளிரின் கணுவை எடுங்கள். ஓடும் நீரில் நன்றாக அலசி, 10 சதவீத பிளீச் கரைசலில் 10 நிமிடம். அப்புறம் கிருமி நீக்கிய நீரில் மூன்று அலசல்.

கேள்வி: குப்பிக்குள் எந்த மீடியம், அதாவது எந்தச் சத்துக் கூழ்?

பதில்: முராஷிகே-ஸ்கூக் என்ற சத்துக் கலவை. லிட்டருக்குச் சர்க்கரை 30 கிராம், பிஏபி (தளிரைப் பெருக்கும் ஹார்மோன்) 1 மி.கி., பிஎச் 5.7. பிஏபியை அள்ளிப் போடாதீர்கள், தளிர் நீர்கோத்துக் கண்ணாடி மாதிரி ஆகிவிடும்.

கேள்வி: என்னிடம் 'தார்ன்லெஸ் எவர்கிரீன்' என்ற முள்ளில்லா ரகம் இருக்கிறது. இலைத்துண்டில் கேலஸ் (வடிவமில்லாத செல் திரள்) எடுத்துப் பெருக்கலாமா?

பதில்: வேண்டாம். மொட்டிலிருந்து மட்டும் பெருக்குங்கள். அந்த ரகத்தில் முள்ளில்லாத தன்மை வெளித்தோல் அடுக்கில் மட்டும்தான் இருக்கிறது. உள்ளே இருப்பதெல்லாம் முள்செடி. வேர்க்கன்று உள்ளடுக்கிலிருந்து கிளம்புவதால் முள்ளோடு வரும். கேலஸிலும் எந்த அடுக்குச் செல் தளிராகும் என்பது நம் கையில் இல்லை. ஆராய்ச்சிக்கு இதுவே வரம்: 1980களில் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில், வெளியடுக்குச் செல்லிலிருந்தே உருவான, முழுக்க முள்ளற்ற செடிகளைத் திசு வளர்ப்பில் பிரித்தெடுத்தார்கள். எனக்கு இந்தத் துறையில் மிகப் பிடித்த வேலை அது.

கேள்வி: குறுக்கிடுகிறேன். என்னிடமுள்ள 'நவாஹோ' என்ற இன்னொரு முள்ளில்லா ரகத்தின் வேர்க்கன்றில் முள்ளே இல்லை. நீங்கள் சொல்வது தவறு.

பதில்: இரண்டும் உண்மைதான். ஆர்கன்சா பல்கலைக்கழகத்தின் நவாஹோவுக்கு முள்ளின்மை மரபணுவிலேயே இருக்கிறது, எல்லாச் செல்லிலும். எவர்கிரீனில் ஒரே அடுக்கில். ரகத்தின் பூர்வீகம் தெரியாமல் கத்தியை எடுக்காதீர்கள்.

கேள்வி: நவாஹோவில் கேலஸ் எடுக்கலாம்தானே?

பதில்: முள் வராது. ஆனாலும் கேலஸ் வழியில் வேறு மாறுதல்கள் நுழையும். விற்கும் கன்று என்றால் மொட்டுதான்.

கேள்வி: எனக்கும் பூஞ்சை வருகிறது...

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: வேர்விட்ட கன்றுகள் வெளியே எடுத்ததும் வாடிவிடுகின்றன.

பதில்: குப்பிக்குள் விரிந்த இலையில் மெழுகுப் பூச்சு மெலிது, இலைத்துளையும் சரியாக மூடாது. வெறும் காற்றில் வைத்தால் சீக்கிரமே துவண்டுவிடும். வேரில் ஒட்டிய அகாரை (மீடியத்தைக் கெட்டியாக்கும் கூழ்) விரலால் மெல்லக் கழுவி, தென்னைநார்க் கழிவில் நட்டு, பிளாஸ்டிக் மூடிக்குள் வையுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் மூடியைத் தினம் கொஞ்சமாகத் திறந்து பழக்குங்கள். பழைய இலை காய்ந்தால் கலங்காதீர்கள், வெளியே வந்தபின் விரியும் முதல் இலையைப் பாருங்கள்.