தகரக் கூரை ஒழுகினால் யார் செலவு? குன்னூர் வீட்டு உரிமையாளருக்குப் பதில்

கேள்வி: குன்னூரில் அம்மா வழியில் வந்த பழைய தகரக் கூரை வீடு எனக்கு இருக்கிறது. நான் கோவையில் வசிக்கிறேன். அந்த வீட்டை ஒரு பள்ளி ஆசிரியர் குடும்பத்துக்கு மாதம் 12,000 ரூபாய்க்கு விட்டிருக்கிறேன். அட்வான்ஸ் 60,000. பதினொரு மாத ஒப்பந்தம் முடிந்து இரண்டு வருடமாகிறது, புதுப்பிக்கவில்லை. ஐப்பசி மழையில் கூரை ஒழுகுகிறது என்று வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினார். தீபாவளி கழியட்டும் என்றேன். மறுபடி கேட்டார், இப்போது முடியாது என்றேன். அவரே 18,000 ரூபாய்க்கு வேலை பார்த்துவிட்டு ஒரு மாத வாடகை முழுவதையும், அடுத்த மாதத்தில் பாதியையும் கழித்துக்கொண்டார். பின்பக்கத் தடுப்புச்சுவர் புடைத்து நிற்கிறது, அதையும் நான்தான் கட்ட வேண்டும் என்கிறார். தண்ணீர் லைனை நிறுத்தினால் தானாகக் காலி செய்வார் என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: முதலில், தண்ணீர் லைனில் கை வைக்காதீர்கள். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய வாடகைச் சட்டம், தண்ணீர், மின்சாரம் போன்ற அத்தியாவசிய வசதிகளை உரிமையாளர் துண்டிப்பதைத் தடை செய்கிறது. வாடகை பாக்கி இருந்தாலும் துண்டிக்க முடியாது. அவர் புகார் கொடுத்தால் லைனை உடனே திருப்பிக் கொடுக்க உத்தரவு வரும். உங்கள் பக்கம் இருக்கும் கொஞ்ச நியாயமும் அதோடு போய்விடும்.

அடுத்து, பழுதுபார்ப்பு. யார் எதைச் செய்ய வேண்டும் என்று அந்தச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை பிரித்துக் கொடுக்கிறது. குடியிருப்பவர் சேதப்படுத்தியிருந்தால் தவிர, கட்டட அமைப்பு சார்ந்த பழுது உரிமையாளர் கணக்கு. வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயின்ட், பைப் மாற்றுவது, ஒயரிங் எல்லாமும் அப்படித்தான். குழாய் வாஷர், சுவிட்ச், கீசர், பூட்டு, ஜன்னல் கண்ணாடி, சாக்கடை அடைப்பு ஆகியவை குடியிருப்பவர் கணக்கு.

நீங்கள் இணைத்திருக்கும் பில்லை இதோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். தகரமும் மரச்சட்டமும் மாற்றியதற்கு 13,200, பைப்புக்கு 2,600. இந்த 15,800 ரூபாய் உங்களுடையது. ஜன்னல் கண்ணாடி 1,300, கீசர் 900 இரண்டும் அவருடையவை. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய, அந்த 2,200 ரூபாயை நீங்கள் கேட்டு வாங்கலாம். இன்னொன்று, உரிமையாளர் செய்ய மறுத்த வேலையைச் செய்து வாடகையில் கழிக்கும்போது, எந்த மாதத்திலும் பாதி வாடகைக்கு மேல் கழிக்கக் கூடாது. அவர் மாதம் 6,000 வீதம் கழித்திருக்க வேண்டும். முதல் மாதம் முழுவதையும் பிடித்தது தவறு. ஆனால் இதை வைத்து அவரைக் காலி செய்ய வைக்க முடியும் என்று நம்பாதீர்கள். அவர் கையில் தேதியோடு படங்களும், முடியாது என்ற உங்கள் பதிலும் இருக்கின்றன.

நான் உண்மையில் கவலைப்படுவது அந்தத் தடுப்புச்சுவரைப் பற்றித்தான். அவர் சொல்வது சரி, அது உங்கள் பொறுப்பு. சுவர் புடைத்திருக்கிறது என்றால் பின்னால் மண் நீர் குடித்து நிற்கிறது. கற்களுக்கு நடுவே நீர் வடிய விட்டிருக்கும் துளைகளை யாராவது சிமென்ட் வைத்து அடைத்திருக்கிறார்களா, மேலே இருக்கும் வீட்டின் கழிவுநீர் அந்தப் பக்கம் இறங்குகிறதா என்று இந்த வாரமே ஒரு சிவில் இன்ஜினியரைப் பார்க்கச் சொல்லுங்கள். 2009 நவம்பரில் நீலகிரியில் மண் சரிந்து 40 பேருக்கு மேல் இறந்தார்கள். உங்களுக்கு எழுத்தில் தெரிவித்த பிறகு சுவர் விழுந்து யாருக்காவது ஏதாவது ஆனால், இழப்பீட்டு வழக்கோடு கிரிமினல் வழக்கும் வரலாம். சுவரைத் திருப்பிக் கட்டுவதற்கு முன் நகராட்சியில் விண்ணப்பியுங்கள். பொக்லைன் வைத்து மண் எடுக்க வேண்டியிருந்தால் அனுமதி இல்லாமல் தொடாதீர்கள், நீலகிரியில் அதற்குத் தனிக் கட்டுப்பாடு உண்டு. இன்ஜினியர் ஆபத்து என்றால் பின் அறைகளில் யாரும் படுக்க வேண்டாம் என்று அன்றே ஆசிரியருக்கு எழுதுங்கள். குடியிருப்பவர்கள் இருக்கும்போது வேலை செய்யவே முடியாது என்று சொன்னால், வாடகை நீதிமன்றத்தில் மனு போட அது ஒரு காரணம். அதற்கு முன் அவரோடு உட்கார்ந்து பேசுங்கள். இரண்டு மாதம் வேறு வீட்டில் இருந்துவிட்டு அவர் திரும்பி வர ஏற்பாடு செய்தால், வழக்குக்கே வேலை இருக்காது.

மலை வீட்டைக் கோவை வீடு போல நினைத்து வாடகைக்கு விடுவதுதான் பல உரிமையாளர்களிடம் நான் பார்க்கும் பிரச்சனை. குன்னூருக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. புரட்டாசிக்குள் ஒரு ஆள் கூரை மேல் ஏற வேண்டும். சில்வர் ஓக் இலை கூரை விளிம்புக் கால்வாயில் சேர்ந்து அடைத்தால், தண்ணீர் பின்வாங்கித் தகரத்துக்கு அடியில் போகும். உள்ளே ஒழுகும், மேலே ஓட்டை எதுவும் தெரியாது. போல்ட்டின் ரப்பர் வாஷர் வெயிலில் வெடித்திருந்தாலும் அதே கதைதான். அதைச் சரிசெய்வது சின்னச் செலவு. விட்டால் மரச்சட்டம் உளுத்து, நீங்கள் இப்போது பார்க்கும் 13,200 ஆகிவிடும். குளியலறையில் கேஸ் கீசர் இருந்தால் காற்றோட்டம் அடைபடாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள். குளிருக்குப் பயந்து எல்லாரும் ஜன்னலை மூடிவிடுகிறார்கள், கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. பார்க்கப் போகும்போது 24 மணி நேரம் முன்னதாக எழுத்தில் தெரிவித்துவிட்டுப் போங்கள். சாவி இருக்கிறது என்று திறந்துகொண்டு போகக் கூடாது. நீங்கள் போக முடியாவிட்டால் குன்னூரிலேயே ஒருவரைப் பொறுப்பாளராக வைத்து, அவர் பெயரையும் அதிகாரத்தையும் ஆசிரியருக்கு எழுத்தில் கொடுங்கள்.

அப்புறம் ஒப்பந்தம். புதிதாக எழுதி வாடகை அதிகாரியிடம் இணையவழியில் பதியுங்கள். பதிவு எண் இல்லாத ஒப்பந்தம் தகராறு என்று வரும்போது சாட்சியமாக எடுபடாது. அட்வான்ஸை மூன்று மாத வாடகைக்கு, அதாவது 36,000 ரூபாய்க்குக் குறையுங்கள். சட்டம் பொதுவாகச் சொல்லும் வரம்பு அதுதான். மீதி 24,000 ரூபாயைத் திருப்பும்போது அவர் தர வேண்டிய 2,200 ரூபாயை அதிலேயே நேர் செய்து, இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். சீசனில் சுற்றுலாப் பயணிகளுக்கு அறை விடக் கூடாது, உங்கள் எழுத்துச் சம்மதம் இல்லாமல் உள்வாடகை கூடாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வீட்டின் இன்றைய நிலையைப் படம் எடுத்து ஒப்பந்தத்தோடு இணையுங்கள், தடுப்புச்சுவரின் படமும் அதில் இருக்கட்டும்.