இரண்டு பெட்டி நிறையப் பழைய ரிமோட் கார் ஸ்பேர் பார்ட்ஸ் இருக்கிறது. எப்படிப் பட்டியல் போடுவது?

சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த டாமியா (ஜப்பான் கம்பெனி) ரிமோட் கார்களின் உதிரி பாளையங்கோட்டை வீட்டுப் பரணில் 35 வருஷமாகக் கிடக்கிறது, கார் பெயர் வாரியாக எக்ஸெல்லில் ஏற்றிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எக்ஸெல் சரிதான். கார் பெயர் வாரியாக வேண்டாம். முக்கால்வாசிப் பேர் பட்டியல் கெட்டுப்போவது அங்கேதான்.

டாமியாவின் கிராஸ்ஹாப்பர், ஹார்னெட் கார்கள் இரண்டும் 1984-இல் வந்தவை. அடித்தொட்டியும் கியர்பாக்ஸும் இரண்டுக்கும் ஒன்றே. கிராஸ்ஹாப்பரில் சின்ன 380 மோட்டார், ஹார்னெட்டில் பெரிய 540. கியர்பாக்ஸ் மூடியை எந்தக் கார் பெயரில் எழுதுவீர்கள்? பெயரும் ஒரு காருக்கு மட்டும் சொந்தமில்லை. 1984 ஹார்னெட்டின் கிட் நம்பர் (கார் செட்டுக்குக் கம்பெனி கொடுத்த எண்) 58045. 2004-இல் மறுபடி வெளியிட்டபோது 58336. ஃப்ராக் என்ற கார் இன்னும் மோசம். 1983-இல் வந்த பழைய ஃப்ராக்கின் டிரைவ் ஷாஃப்ட் நுனி அறுகோணமாக இருக்கும், 2005 மறுவெளியீட்டில் எலும்புத்துண்டு மாதிரி குண்டு நுனி. 'ஃப்ராக் ஆக்சில் 2' என்று எழுதி வைத்தால் எழுதாததற்குச் சமம்.

அதனால் ஒவ்வொரு பொருளுக்கும் பெட்டி-தட்டு-வரிசை என்று ஓர் எண் மட்டும் கொடுங்கள்: 2-4-017. கார் பெயர் அந்த எண்ணுக்குள் நுழையக் கூடாது. மற்ற கட்டங்கள்: என்ன பொருள், அச்சில் உள்ள எழுத்தும் எண்ணும், அளவு, நைலானா ஏபிஎஸ்ஸா (விறைப்பான பிளாஸ்டிக்) உலோகமா, எத்தனை, நிலைமை, எந்தெந்தக் கிட் நம்பருக்குச் சேரும். கடைசிக் கட்டம் பாதி காலியாகவே கிடக்கட்டும். தப்பாக நிரப்புவதைவிடக் காலி மேல்.

அச்சு எழுத்து என்றால் பிளாஸ்டிக் சட்டத்தில் இருக்கும் ஏ, பி, சி. பக்கத்தில் பாகத்தின் எண். சட்டத்திலிருந்து வெட்டாத பாகத்தை வெட்டாதீர்கள், எழுத்து போய்விடும். கருப்பு நைலானில் எழுத்து தெரியவில்லை என்றால் கொஞ்சம் திருநீறைத் தேய்த்துத் துடையுங்கள், எழுத்தோரத்தில் வெள்ளை நிற்கும். சாமி குத்தம் என்று சண்டைக்கு வருகிறவர்கள் முகப்பவுடர் போட்டுக்கொள்ளலாம்.

இனி பினியன், அதாவது மோட்டார் தண்டில் மாட்டும் சின்னப் பல்சக்கரம். பெட்டியில் ஆகப் பெரிய குழப்பம் இதுதான், இதற்கு ஒரு நாள் ஒதுக்குங்கள். பல்லின் அளவைச் சொல்வது மாட்யூல். டாமியாவில் 0.6 மாட்யூல் உண்டு, சில பழைய வண்டிகளில் 0.8. அமெரிக்கக் கார்களில் அதையே அங்குலக் கணக்கில் 48 பிட்ச், 32 பிட்ச் என்பார்கள். கண்ணுக்கு 0.6-ம் 48-ம் ஒன்றுபோலத் தெரியும். ஆனால் 48 பிட்ச் என்பது 0.529 மாட்யூல். வெர்னியரால் வெளிவிட்டம் அளந்து, பல்லை எண்ணி அதோடு 2 கூட்டி, விட்டத்தை அந்தத் தொகையால் வகுத்தால் மாட்யூல் வந்துவிடும். 18 பல் பினியன் 12.0 மி.மீ. இருந்தால் 12-ஐ 20-ஆல் வகுக்க 0.6. அதே 18 பல் 10.6 காட்டினால் 48 பிட்ச். 16.0 வந்தால் 0.8, 32 பிட்ச்சும் 15.9 என்று பக்கத்திலேயே நிற்கும், அந்த இரண்டையும் மாற்றிப் போட்டாலும் ஓடும். 0.6-ல் 48-ஐக் கலந்தால் ஓட்டும்போதே கீச்சென்று கத்தி ஸ்பர் கியர் (பினியனோடு சேரும் பெரிய சக்கரம்) பல்லைத் தின்றுவிடும். பல் ஒற்றைப்படை எண்ணிக்கையில் இருந்தால் எதிர்ப்பக்கம் பள்ளம் வரும். அளவு கொஞ்சம் குறைத்துக் காட்டும், பயப்பட வேண்டாம். துளையையும் எழுதுங்கள்: 540 மோட்டாருக்கு 3.17 மி.மீ., 380-க்கு 2.3. ஆன்லைனில் '540 பினியன், அரிய பொருள்' என்று ஒரே ஒரு மங்கல் படத்தைப் போட்டு விற்கிற புண்ணியவான்களுக்கு மாட்யூல் என்று ஒரு வார்த்தை எழுதக் கை வராது. கேட்டால் 'டாமியாவுக்குச் சேரும் சார்' என்பார்கள்.

பேரிங்கை அளவு மூன்றையும் போட்டு எழுதவும்: உள்விட்டம், வெளிவிட்டம், கனம். டாமியா 1150 என்பது 5, 11, 4. திருநெல்வேலி வண்ணார்பேட்டையோ ஜங்ஷனோ, பேரிங் கடையில் 'அஞ்சு பதினொண்ணு' என்று மட்டும் கேட்டால் 685 இசட்இசட் வரும். அதன் கனம் 5, ஒரு மில்லி தூக்கிக்கொண்டு நிற்கும். எம்ஆர்115 இசட்இசட் என்று கேளுங்கள். டாமியா 850-க்கு எம்ஆர்85 இசட்இசட்: 5, 8, 2.5.

ஸ்குரூவில் முதலில் டேப்பிங்கையும் (பிளாஸ்டிக்கில் தானே மரை வெட்டிக்கொள்வது) மெஷின் ஸ்குரூவையும் (நட்டில் முடுக்குவது) பிரியுங்கள். இரண்டும் 3x10 என்றே இருக்கும். மெஷின் ஸ்குரூவைப் பிளாஸ்டிக் துளையில் முடுக்கினால் மரை போச்சு. நீளம் தலைக்குக் கீழே. கவுண்டர்சங்க் (தலை உள்ளே பதிவது) என்றால் தலையோடு. பெட்டியில் ஆர்சி10 பாகம் ஏதாவது இருந்தால் (அதுவும் 1984 வண்டிதான், ஆனால் அமெரிக்கச் சரக்கு) 4-40 ஸ்குரூ (அங்குல அளவு) எம்3-யோடு (3 மி.மீ. ஸ்குரூ) கலந்திருக்கும். நல்ல எம்3 நட்டு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு விரலால் சுழற்றுங்கள். ஒன்றிரண்டு சுற்றில் இறுகி நின்றால் அது 4-40.

அடுத்தது ரேடியோவின் அலைவரிசையைத் தீர்மானிக்கும் கிரிஸ்டல். அதன் ஜோடி கலைந்தால் ரேடியோ செத்தது போலத்தான். 27 மெகாஹெர்ட்ஸ் செட்டில் ரிசீவர் கிரிஸ்டல் எப்போதும் 0.455 குறைவு: மஞ்சள் நிற அலைவரிசை என்றால் டிரான்ஸ்மிட்டரில் 27.145, ரிசீவரில் 26.690. ஜோடியை ஒரே கவரில் போட்டு ஒரே வரியில் எழுதுங்கள்.

நிலைமைக்கு நான்கு சொல் போதும்: கவர் பிரிக்காதது, புதுசு, ஓடினது, உடைசல். உடைசலை எறியாதீர்கள். பாதி உடைந்த சஸ்பென்ஷன் ஆர்ம்தான் பிற்பாடு புதுசு செய்ய அளவெடுக்க உதவும். நைலான் காய்ந்து மொறுமொறுத்திருந்தால் சுடுதண்ணீரில் ஊறவைத்தால் கொஞ்சம் உயிர் வரும். ஏபிஎஸ்ஸுக்கு அந்த வைத்தியம் பலிக்காது. அதற்காகத்தான் அது நைலானா ஏபிஎஸ்ஸா என்று ஒரு கட்டம் கேட்டேன்.

டயரைப் பிளாஸ்டிக் பாடியோடு ஒட்டி வைக்காதீர்கள். நம்ம ஊர் சித்திரை வெயிலில் ஓட்டுக்கடியில் ரப்பரின் எண்ணெய் இறங்கிப் பாடியை அரித்துத் தடம் பதித்துவிடும். தனித்தனிப் பாலித்தீன் கவர். ரப்பர் பேண்ட், ஸ்டேப்ளர் பின், செல்லோடேப் மூன்றும் ஆகாது. அல்வா வாங்கின அட்டைப்பெட்டியும் ஆகாது, நெய்க்கறைக்கு எறும்பு வந்து குடியிருக்கும். நிக்கல் காட்மியம் பேட்டரி ஏதாவது வெள்ளை பூத்திருந்தால் கையுறை போட்டு எடுத்துத் தனியே வையுங்கள், கசிந்த இடத்தை எலுமிச்சைச் சாற்றால் துடையுங்கள்.

கிட் பெட்டியும் செய்முறைப் புத்தகமும் இருந்தால் அவைதான் முதல் சொத்து. சட்டத்தின் படமும் ஸ்குரூவின் நிஜ அளவுப் படமும் அதில்தான் இருக்கும். பொங்கலுக்கு வெள்ளையடிக்கிறேன் என்று இறங்குகிற வீட்டில் இந்தப் புத்தகம்தான் முதலில் பழைய பேப்பர்காரர் தராசில் ஏறும். பொம்மைக்குக் கூட பொஸ்தகமா என்று ஒரு கேள்வி வேறு. இன்றே பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு மற்ற வேலையைப் பாருங்கள்.

கடைசியாக ஒன்று, பெட்டியைப் பாயில் கொட்டிப் பிரிக்காதீர்கள். 2 மில்லி ஈ-கிளிப் (தண்டு நழுவாமல் பிடிக்கும் குட்டிக் கம்பி) கோரைக்குள் போனால் போனதுதான். எவர்சில்வர் தாம்பாளத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டுங்கள், பக்கத்தில் பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்று இருக்கட்டும்.