ஆறு வாரம் வெறும் தொட்டி

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். மலேசியாவின் கெடா மாநிலத்துப் பீடோங்கிலிருந்து எழுதுகிறேன். உங்கள் வீட்டுக் கடல்மீன் தொட்டியைப் பற்றிப் படித்த நாளிலிருந்து எனக்கும் அந்த ஆசை. நண்பர் ஒருவர் மூன்றடிக் கண்ணாடித் தொட்டியைச் சும்மாவே கொடுத்துவிட்டார். தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கிறது. என் அக்காள் மகனுக்கு ஐந்து வயது. ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீனும், அந்த நீல மீனும் வேண்டும் என்கிறான். அவன் வரும்போது தொட்டியில் மீன் ஓடவேண்டும். தஞ்சோங் டாவாயில் கடல்நீர் பிடித்து ஊற்றலாமா? குளிரூட்டும் கருவி வாங்கியே ஆகவேண்டுமா, மின்விசிறி போதுமா? எத்தனை மீன் விடலாம்? கடைக்காரர், "முதலில் மலிவான மீன் நான்கைந்தை விடுங்கள், தொட்டி பழகிவிடும். செத்தால் என்ன, மீன்தானே, வேறு வாங்கிக்கொள்ளலாம்" என்றார். அம்மா ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டி ஓய்வு பெற்றவர். உப்புத் தண்ணீருக்கு இவ்வளவு செலவா என்று திட்டுகிறார்.

உங்கள் வாசகத் தம்பி

அன்புள்ள தம்பி,

என் பாட்டியைப் பற்றி எழுதத் தொடங்கி இரண்டு மாதமாக நகராமல் கிடந்த ஒரு கட்டுரை என் மேசையில் இருக்கிறது. உங்கள் கடைக்காரர் சொன்ன அந்த ஒரு வரியைப் படித்ததும் அதை மீண்டும் கையில் எடுத்தேன். அதற்காகவே இந்தப் பதில்.

கேட்டவற்றை முதலில் முடித்துவிடுகிறேன். தஞ்சோங் டாவாய் நீர் வேண்டாம். அது மெர்போக் ஆறு கடலில் விழும் இடம். சேறும் படகு டீசலும் ஒருபுறம் இருக்க, மழை பெய்தால் உப்பின் அளவே மாறிவிடும். சுத்திகரித்த நீரில், மீன் தொட்டிக்கென்று விற்கும் கடலுப்புக் கலவையை லிட்டருக்கு 35 கிராம் அளவில் கரையுங்கள். பாறை அடைக்கும் இடம் போக 160 லிட்டர் கொள்ளும் என்றால் ஏறத்தாழ ஆறு கிலோ வேண்டும். சமையல் உப்பு ஆகாது. மின்விசிறி போதும், நீர்ப்பரப்பின் மேல் காற்றடித்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும், 27-ஐ ஒட்டி நின்றால் சரி. ஆனால் விசிறி அடித்தால் நீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. குறைந்த நீரை நன்னீரால்தான் நிரப்பவேண்டும். உப்புநீரை ஊற்றி ஊற்றி ஒரே மாதத்தில் மீனை ஊறுகாய் போட்டவர்கள் உண்டு. நீல மீன் ஒரு அடி வளரும், அதைப் பற்றிப் பேச்சே வேண்டாம். விளக்கு, நுரை பிரிக்கும் கருவி எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இனி அந்த வரிக்கு வருகிறேன்.

அமோனியா என்ற சொல்லை நான் பள்ளிக்கூடத்தில் கற்கவில்லை. என் அப்பா ரப்பர்த் தோட்டத்துப் பால் ஸ்டோரில் வேலை செய்தார். மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணத்திலிருந்து வாளிக்கு வந்த ரப்பர்ப் பால் தொழிற்சாலைக்குப் போவதற்குள் உறைந்துவிடாமல் இருக்க அதில் அமோனியா கலப்பார்கள். பாக்டீரியா பெருகினால் பால் புளித்துக் கட்டியாகிவிடும், அமோனியா அதைத் தடுக்கும். மதியம் வீட்டுக்கு வரும் அப்பாவின் கண்கள் சிவந்திருக்கும். அவர் சட்டையைத் துவைக்கும்போது அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வார். உங்கள் அம்மாவிடம் அமோனியா என்று சொல்லிப் பாருங்கள். உங்களைவிட, என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

புதுத் தொட்டியில் மீனைக் கொல்வதும் அதே அமோனியாதான். மீனின் செவுளிலிருந்தும் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் அது வந்துகொண்டே இருக்கும். அதைத் தின்று நைட்ரைட்டாக மாற்ற ஒரு வகை பாக்டீரியா வேண்டும். நைட்ரைட்டும் நஞ்சு. அதை நைட்ரேட்டாக மாற்ற இன்னொரு வகை வேண்டும். பால் ஸ்டோரில் பாக்டீரியாவை அடக்க அமோனியாவை ஊற்றினோம். தொட்டியில் அமோனியாவை அடக்க பாக்டீரியாவை வளர்க்கிறோம். பாறையின் துளைகளிலும் மணலிலும் அவை குடியேறிப் பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். கடல்நீர் காரத்தன்மை கொண்டது என்பதால், அதே அளவு அமோனியா நன்னீரில் செய்வதைவிட இங்கே அதிகத் தீங்கு செய்யும். உங்களிடம் மூன்று வாரம்தான் இருக்கிறது. கடைக்காரரிடம் குறுக்குவழி இருக்கிறது: உறுதியான, மலிவான மீன்களை விட்டு அவற்றின் கழிவால் தொட்டியைப் பழக்குவது.

நானும் அதைச் செய்தேன். 2009-ல் என் முதல் தொட்டிக்குக் கடையில் கொடுத்த நான்கு நீல டாம்செல் மீன்களை இரண்டாம் நாளே விட்டேன். ஐந்தாம் நாள் அவை நீரின் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பசி என்று நினைத்துத் தீனி போட்டேன். நஞ்சில் மூச்சுத் திணறிய மீனுக்கு மேலும் நஞ்சு போட்டிருக்கிறேன் என்பது பிறகு படித்தபோது தெரிந்தது. ஒன்பதாம் நாளுக்குள் மூன்று செத்தன. நான்காவது பிழைத்தது. பின்னால் வந்த எந்த மீனையும் அது பாறைப் பக்கம் அண்டவிடவில்லை. ஆறு ஆண்டுகள் அதற்குத் தீனி போட்டேன். ஒவ்வொரு நாளும் மற்ற மூன்றும் நினைவுக்கு வந்தன.

இதை என் பாட்டியிடம் சொல்ல முடியாமல் போயிற்று. சொல்லியிருந்தால் உடனே புரிந்துகொண்டிருப்பார். பாட்டியின் அம்மா காடு அழித்த புதுத் தோட்டத்துக்குக் கொண்டுவரப்பட்டவர். முதல் இரண்டு ஆண்டுகளில் இரண்டு பிள்ளைகளைக் குளிர்காய்ச்சலுக்குக் கொடுத்தார். "பழைய தோட்டத்துக்குப் போனவள் பிழைத்தாள், புதுத் தோட்டத்துக்குப் போனவள் புதைத்தாள்" என்று பாட்டி சொல்வார். அது வெறும் பாட்டி பேச்சு என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. மலாயாவில் புதிதாகக் காடு திருத்திய தோட்டங்களில்தான் சாவு மிகுதி. மரம் வெட்டி, மண்ணைக் கிளறி, ஓடைகளை அடைத்துவிட்டு, கொசு பெருகிய இடத்தில் லயம் என்ற கூலி வீட்டு வரிசையைக் கட்டி ஆட்களை இறக்கினார்கள். ஆள் செத்தால் கப்பலில் வேறு ஆள் வந்தான். ஒப்பந்தக் கூலி முறை 1910-ல் நின்றது, கங்காணிகள் ஆள்பிடிப்பது அதன் பிறகும் 1938 வரை நடந்தது.

முதலில் இடத்தைச் சரிசெய்யலாம் என்பது அப்போது யாருக்கும் தெரியாதா? தெரிந்தது. மால்கம் வாட்சன் என்ற மருத்துவர் 1901-ல் கிள்ளானுக்கு வந்தார். அதே ஆண்டு திறந்த போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில் வேலையாட்கள் மலேரியாவில் கொத்துக்கொத்தாக விழுந்தார்கள். சதுப்பை வடித்து, கால்வாய் வெட்டியபின் காய்ச்சல் இறங்கியது. வாட்சன் பிறகு தோட்டங்களுக்கும் அதையே சொன்னார். கால்வாய் வெட்டக் காசும் காலமும் வேண்டும், ஆளோ மலிவு. அதனால் எத்தனையோ இடங்களில் ஆள் முதலில் போனான், கால்வாய் பிறகு போனது.

மீனையும் மனிதனையும் ஒன்றாக வைக்கிறாயா என்று என் தங்கை கோபித்துக்கொண்டாள். வைக்கவில்லை. என் பாட்டியின் அம்மா பெற்ற பிள்ளைகளுக்கு எந்த மீனும் ஈடாகாது. நான் பார்ப்பது கணக்கை மட்டும். இடத்தைப் பக்குவப்படுத்தக் காத்திருப்பதைவிட உள்ளே விட்டுச் சாகவிடுவது மலிவு என்று போடும் கணக்கு. அந்தக் கணக்கில் செலவாகிப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். அதே வாக்கியத்தை பீடோங்கில் ஒருவர் சொல்ல, தோட்டத்துப் பிள்ளை ஒருவர் தலையாட்டி வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறார் என்பதைத்தான் என்னால் தாங்கமுடியவில்லை. கோபம் உங்கள்மேல்தான் தம்பி. கடைக்காரர் விற்பவர், நீங்கள் படிப்பவர். அக்காள் மகனுக்காக என்றும் சொல்லாதீர்கள். ஐந்து வயதுப் பிள்ளை கோமாளி மீன் இல்லாமல் ஒரு தீபாவளியைத் தாங்கிக்கொள்வான். அவன் முன்னால் மீன் மிதந்தால் என்ன சொல்வீர்கள்?

ஆகவே மீன் இல்லாமல் தொடங்குங்கள். உப்புநீர், மணல், காய்ந்த பாறை, நீரை ஓட்டும் பம்பு. ஏற்கனவே தொட்டி வைத்திருப்பவரிடம் சிற்றுயிர்கள் குடியேறி ஊறிய உயிர்ப்பாறைத் துண்டு ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். புலாவ் பாயாருக்குச் சுற்றுலா போகும்போது ஒரு கல் எடுத்துவரலாம் என்று நினைக்காதீர்கள். அது கடல் பூங்கா, பவளம் எடுப்பது குற்றம். உரிக்காத பச்சை இறால் ஒன்றைப் போட்டு அழுகவிடுங்கள். அமோனியா ஏறும், இறங்கும். பிறகு நைட்ரைட் ஏறும், இறங்கும். சோதனைக் குப்பி வாங்கி இரண்டு நாளுக்கு ஒருமுறை பார்த்து எழுதிவையுங்கள். இரண்டும் சுழியத்தில் நின்றபின் கடைக்குப் போங்கள். இடையில் பாறை முழுக்கப் பழுப்பு நிறப் பாசி படரும். பயந்து கழுவிவிடாதீர்கள், அது தானே போகும்.

அதன் பிறகு இரண்டே கோமாளி மீன்கள். தொட்டியில் பிறந்து வளர்ந்தவையா என்று கேட்டு வாங்குங்கள். கடலில் பிடித்த மீன்களில் சயனைடு தெளித்து மயக்கிப் பிடித்தவையும் வருகின்றன. ஒன்று பெரியதாகவும் ஒன்று சிறியதாகவும் இருக்கட்டும். கோமாளி மீன்கள் எல்லாம் ஆணாகவே பிறக்கின்றன, பெரியது பெண்ணாக மாறிவிடும், சண்டை குறையும். கடலில் அவை குடியிருக்கும் கடல் சாமந்தி என்ற உயிரினம் இல்லாமலே அவை நன்றாக வாழும். டிங்கிக் காய்ச்சல் கொசுவுக்குப் புகையடிக்கும் நாளில் ஜன்னலை மூடி, காற்றுப் பம்பை அந்த நேரம் நிறுத்தி, தொட்டியின் மேல் பிளாஸ்டிக் தாளை இறுக்கி மூடுங்கள். அந்த மருந்து மீனுக்கும் இறாலுக்கும் நஞ்சு. புகை அடங்கியதும் பம்பைப் போட மறக்காதீர்கள்.

தீபாவளியன்று இரவு, வெடி வெடித்து முடித்தபின், வீட்டு விளக்குகளை அணைத்துவிட்டு அக்காள் மகனைத் தொட்டியின் முன் உட்காரவையுங்கள். டார்ச் விளக்கின்மேல் சிவப்புக் காகிதம் சுற்றி அந்த உயிர்ப்பாறைத் துண்டின்மேல் பிடியுங்கள். அரிசி முனை அளவில் குட்டி இறால் போன்றவை ஓடும். பொந்திலிருந்து புழு ஒன்று மயிர்க்கால்களை அசைத்துத் தலைநீட்டலாம். கண்ணாடியில் புள்ளி புள்ளியாய் ஏதோ நகரும். எத்தனை எண்ணினான் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா