பிரட்னிசலோன் என்ற ஸ்டீரொய்ட் குளிசையை 10 மில்லிகிராமிலிருந்து 7.5 ஆகக் குறைத்ததும் அம்மாவுக்குத் தோள்வலி திரும்பியது பற்றி

திரும்பக் கூட்டவேண்டுமா, எவ்வளவுக்கு என்று கேட்டிருந்தீர்கள். திரும்ப 10 மில்லிகிராமுக்குப் போகலாம். அம்மாவுக்கு இருக்கும் பொலிமயால்ஜியாவில், அதாவது தோளும் இடுப்பும் அழற்சியால் வலித்து இறுகும் நோயில், வலி திரும்பினால் கடைசியாக எந்த அளவில் நன்றாக இருந்தாரோ அந்த அளவுக்கே போவதுதான் வழக்கம், ஆனால் நீங்களாகக் கூட்டவேண்டாம், அடுத்த கிளினிக் நாள்வரை காத்திருக்காமல் டொக்டரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். 20க்குத் தாவத் தேவையில்லை.

காரணம் பெரும்பாலும் குறைத்த வேகம்தான். 5 மில்லிகிராம் குளிசையைப் பாதியாக உடைத்ததில் ஒரேயடியாக 2.5 இறங்கிவிட்டது. 10க்குக் கீழே பொதுவாக 4 கிழமைக்கு 1 மில்லிகிராம் என்றுதான் இறக்குவார்கள். 1 மில்லிகிராம் குளிசை எழுதித் தரமுடியுமா என்று கேளுங்கள், திருகோணமலையில் ஒரு பார்மசியில் இல்லாவிட்டால் இன்னொன்றில் விசாரியுங்கள்.

கோணேசர் கோயில் மலை ஏறிவந்த பிறகுதான் தொடங்கியது என்கிறீர்கள், அதையும் பிரித்துப் பார்க்கவேண்டும். காலையில் இரண்டு தோளும் இடுப்பும் முக்கால் மணித்தியாலத்துக்கு மேல் இறுகிக்கிடக்கிறதா, தலைவாரக் கை உயரவில்லையா? அப்படியென்றால் நோய் திரும்பியிருக்கலாம். நடந்த அலுப்பு என்றால் கால்தான் வலிக்கும், சில நாளில் போய்விடும். ஈஎஸ்ஆர், சிஆர்பி என்று அழற்சியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை இரண்டும் எடுங்கள். அவை சரியாக வந்தாலும் அம்மா சொல்லும் வலியைத் தள்ளிவிடாதீர்கள், பாவம்.

புதிதாகத் தலையிடி, சப்பும்போது தாடைவலி, கண் மங்கல் ஏதாவது வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள், பார்வையே போகக்கூடிய ரத்தக்குழாய் அழற்சியாக இருக்கலாம். ரத்தத்தில் சீனி கூடுமென்று பயந்து குளிசையைத் திடீரென்று நிறுத்தவும் கூடாது.